மேற்கே ஒரு மழை, கிழக்கே ஒரு மழை

ஜூன் மாதத்தில் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குப் பேருந்தில் வருகிறவர்கள் ஜன்னலோர இருக்கையை விட்டுவிடக் கூடாது. நாங்குநேரி, வள்ளியூர் வரைக்கும் வெயில் சுட்டெரிக்கும். சாலையின் இருபுறமும் பனையும் உடைமரமும் காய்ந்த புல்லும்தான். காவல்கிணறு தாண்டியதும் காற்று பேருந்தைப் பக்கவாட்டில் பிடித்துத் தள்ளத் தொடங்கும். முப்பந்தலில் காற்றாலைகள் வரிசை வரிசையாகச் சுழலும். ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து தோவாளைக்கு வரும்போது மேற்கே மலைமுகட்டில் மேகம் கவிந்திருப்பது தெரியும். வெள்ளமடத்தில் கண்ணாடியில் முதல் துளி விழும். நகரத்துக்குள் நுழையும்போது சாலை நனைந்திருக்கும், வயல்களில் நாற்று பச்சைபிடித்திருக்கும்.

எண்பது கிலோமீட்டருக்குள் இப்படிப் பருவமே மாறிவிடுகிற ஊர்கள் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் ஏறக்குறையச் சம பங்காகப் பெறுவது குமரி மாவட்டம். அதன் நடுவில் இருக்கிறது நாகர்கோவில். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்து, அன்று சென்னை மாநிலத்தோடு, அதாவது இன்றைய தமிழ்நாட்டோடு, இணைந்த ஊர். 2019இல் மாநகராட்சி ஆனது. ஆட்சி எல்லை மாறிவிட்டது. மழையின் எல்லை மட்டும் அன்று இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆனால் இங்கே வீட்டுத்தோட்டம் போடுகிற பலரும் இன்று வைத்துக்கொண்டிருப்பது தமிழ்நாடு முழுவதற்குமாக அச்சடித்த ஒரு பொது நாட்காட்டியை. ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள் மதுரையிலும் திருச்சியிலும். அதே ஆடியில் நாகர்கோவிலில் தக்காளி நாற்றை நட்டவர் வீட்டுக் கொல்லைக்குப் போய்ப் பாருங்கள்: செடி முழங்கால் உயரத்திலேயே தலை தொங்கி நிற்கும்.

இந்த ஊரில் எவ்வளவு மழை பெய்யும் என்று கேட்பதைவிட, மழை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கேட்பதுதான் தோட்டக்காரருக்குப் பயன்படும். மேற்கிலிருந்து வருகிற மழைக்கு ஒரு குணம், கிழக்கிலிருந்து வருகிற மழைக்கு வேறொரு குணம். விதை, நடவு, உரம், ஊன்றுகம்பு, வடிகால் என்று எல்லாமே அந்தத் திசையைப் பார்த்துத்தான் முடிவாக வேண்டும்.

மலை தேய்கிற இடம்

காரணம் மலையில் இருக்கிறது. கேரளத்தின் முதுகெலும்பாக ஓடிவரும் மேற்குத் தொடர்ச்சி மலை, மகேந்திரகிரியைத் தாண்டியதும் உயரம் குறைந்து, தனித்தனிக் குன்றுகளாகச் சிதறி, கடலை நெருங்கும்போது முடிந்துபோகிறது. ஜூன் முதல் வாரத்தில் அரபிக் கடலிலிருந்து ஈரக்காற்று வருகிறது. மலை உயர்ந்து நிற்கும் வடமேற்குப் பகுதியில், அதாவது பேச்சிப்பாறை, குலசேகரம், கீரிப்பாறைப் பக்கம், அந்தக் காற்று மேலேறிக் குளிர்ந்து மழையாகக் கொட்டும். அதனால்தான் அங்கே ரப்பர் வளர்கிறது, மலையில் கிராம்பும் நல்லமிளகும் விளைகின்றன. மலை தணிகிற தென்கிழக்கில் காற்றைத் தடுக்க ஒன்றும் இல்லை. அது ஆரல்வாய்மொழி இடைவெளிக்குள் புகுந்து வேகமெடுத்து, ஈரத்தை இழந்த வறண்ட காற்றாக மறுபுறம் பாய்கிறது. காற்றாலைகளுக்கு முப்பந்தலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அந்த வேகம்.

நாகர்கோவில் இந்த இரண்டுக்கும் இடையில் கிடக்கிறது. பார்வதிபுரத்தில் மழை பெய்யும்போது ஒழுகினசேரியில் வெயில் அடிக்கும். வடசேரியில் துணி நனையும், கோட்டாற்றில் காயும். மேற்கே தக்கலைப் பக்கம் போகப் போக மழை கூடும்; கிழக்கே தோவாளைப் பக்கம் போகப் போகக் குறையும். தெற்கே கன்னியாகுமரி முனைக்குப் போனால் இன்னும் குறையும். ஆகவே தக்கலையில் இருக்கும் உறவினர் எப்போது சேனை நட்டார் என்று கேட்டு, அதே நாளில் தோவாளையில் நடுவது சரிப்படாது.

சாரல் மாதங்கள்

மேற்கு மழை சாரலாக வரும். ஐந்து நிமிடம் பெய்யும், பத்து நிமிடம் விடும், மறுபடி பெய்யும். அளந்து பார்த்தால் பெரிய மழையாக இராது. ஆனால் இலை நாள் முழுக்க ஈரமாகவே இருக்கும். வெயில் மேகத்துக்குள் போய்விடும். நனைந்த இலையும் குறைந்த வெளிச்சமும் சேர்ந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். மிளகுக்கொடி அடியிலிருந்து வாடுவது, வாழை இலையில் கருகல் புள்ளி பரவுவது, கத்தரி நாற்று கழுத்தில் அழுகிச் சாய்வது எல்லாம் இந்த மாதங்களின் கதைதான்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நாகர்கோவில் வீட்டுக் கொல்லையில் நன்றாக வருபவை ஈரத்துக்கு அஞ்சாத உள்ளூர்ப் பயிர்கள். சேம்பு, சேனை, காச்சில், இஞ்சி, மஞ்சள் ஆகியவற்றை மாசி, பங்குனியிலும் கோடை மழையிலும் நட்டிருந்தால், சாரலில் அவை கொழுத்துக்கொண்டு எழும். மரச்சீனிக் கம்பை மழைக்கு முன்பே ஊன்றிவிட்டால் பிறகு கவனிப்பே வேண்டாம். சிறுகிழங்கின் கொடித் துண்டுகளை இந்த ஈரத்தில்தான் நட வேண்டும். தைப்பொங்கல் நெருங்கும்போது அகழ்ந்து எடுக்கலாம். பொங்கலன்று கிழங்கு வகை இல்லாமல் இந்த மாவட்டத்து அடுக்களை நிறையாது. அதற்கான வேலை சாரல் காலத்திலேயே தொடங்கிவிடுகிறது.

சூரியனைப் பற்றியும் சொல்ல வேண்டும்; இதைத் தோட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை. நாகர்கோவில் நிலநடுக்கோட்டிலிருந்து எட்டு டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் உச்சிவெயில் நேர் தலைக்கு மேல் வந்துவிடும். அதன் பிறகு ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும். செப்டம்பரிலிருந்துதான் தெற்கே போகும். ஆக, சாரல் மாதங்களில் வீட்டின் வடக்குப் பக்கத்துக்கு வெயில் கிடைக்கிறது, தெற்குச் சுவரின் அடி நிழலாகிவிடுகிறது. மார்கழியில் தெற்கு மூலையில் நன்றாகக் காய்த்த மிளகாய், ஆடியில் அதே இடத்தில் பூ உதிர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தொட்டிகளை இடம் மாற்ற முடிந்தவர்கள் சித்திரையில் ஒரு முறையும் ஆவணி முடிவில் ஒரு முறையும் திசை மாற்றி வைத்தால் போதும்.

பகல் நீளமோ இங்கே பெரிதாக மாறுவதில்லை. ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. குளிரும் பெயரளவுக்குத்தான். கோடையில் வெப்பமானி 40 டிகிரியைத் தொடுவது அபூர்வம். பாளையங்கோட்டையில் தாங்க முடியாத வெயில் அடிக்கிற நாளிலும் இங்கே புழுக்கம் மட்டும்தான் இருக்கும். குளிரும் கடும் வெயிலும் செடியைக் கொல்லாத ஊரில், செடியின் விதியைத் தண்ணீரும் காற்றும்தான் தீர்மானிக்கின்றன.

வாழையும் ஆடிக்காற்றும்

காற்று என்றால் என்ன என்பதை வாழையைக் கேட்டால் சொல்லும். குமரி மாவட்டத்தில் வாழை ஒற்றைப் பயிர் அல்ல, ஒரு பெரிய குடும்பம். ஏத்தன், செந்துளுவன், மட்டி, ரசகதலி, பூங்கதலி, பாளையங்கோடன், சிங்கன் என்று வடசேரி கனகமூலம் சந்தைக்குப் போனால் குலைகள் நிற்கிற வரிசையே ஒரு பாடம். மட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விரல் அளவே இருக்கும் பழம், மணம் மட்டும் வீடு நிறைய. கைக்குழந்தைக்கு முதலில் ஊட்டுகிற பழமாக அதைத்தான் இங்கே வைத்திருக்கிறார்கள். மற்ற மாவட்டங்களுக்குக் கொண்டுபோய் நட்டவர்கள் இந்த மணத்தை எதிர்பார்த்து ஏமாந்திருக்கிறார்கள். மலையடிவாரத்து மண்ணும் இரண்டு மழையின் ஈரமும் சேர்ந்த இடத்தில்தான் மட்டி மட்டியாக இருக்கிறது.

ஏத்தனின் கணக்கு வேறு. அதன் பெரிய சந்தை ஓணம். ஆவணியில் கேரளம் முழுக்க ஏத்தங்காய் வற்றலுக்கும் பழத்துக்கும் தேவை எழும். ஓணத்துக்குக் குலை வெட்ட வேண்டுமானால் பத்துப் பதினோரு மாதத்துக்கு முன்பு, ஐப்பசியை ஒட்டிக் கன்று நட வேண்டும். நட்ட கன்று முதலில் கிழக்கு மழையைக் குடித்து வளர்கிறது. மாசி, பங்குனி வறட்சியில் அதற்குத் தண்ணீர் பாய்ச்சியாக வேண்டும். குலை தள்ளிக் கனம் ஏறுகிற நேரத்தில் ஆடிக்காற்று வந்துவிடுகிறது. மரத்தின் தலை எடை மிகவும் கூடியிருக்கிற வாரங்களும் காற்று மிகவும் வீசுகிற வாரங்களும் ஒன்றாக வந்து சேர்கின்றன. சந்தைக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு காற்றோடு மோதுகிறது. அதனால்தான் இங்கே வாழைத் தோட்டத்தில் குலைக்குக் குலை ஊன்றுகம்பு நிற்கிறது. கம்பை எந்தப் பக்கம் கொடுப்பது என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. குலை சாயும் பக்கத்தையும் பார்க்க வேண்டும், மேற்கிலிருந்து வரும் காற்று தள்ளும் பக்கத்தையும் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே பக்கமானால் ஒற்றைக் கம்பு தாங்காது; கத்தரிபோல இரண்டு கம்புகளைக் கட்ட வேண்டும்.

வீட்டில் நான்கு வாழை வைத்திருப்பவருக்கு இந்த நெருக்கடி தேவையில்லை. அவர் ஓணச் சந்தைக்கு விற்கப்போவதில்லை. சித்திரை, வைகாசியில் கன்று நட்டால் ஆடிக்காற்றின்போது மரம் இடுப்பளவுதான் இருக்கும். இலை கிழியுமே தவிர மரம் விழாது. குலை மாசி, பங்குனியில் காற்றில்லாத நாட்களில் முற்றும். கொல்லையில் வாழை விழுந்து மதில் இடிந்த வீடுகளைப் பார்க்கும்போதெல்லாம், நடவை ஆறு மாதம் தள்ளியிருந்தால் போதுமே என்று தோன்றுகிறது.

பூ விளையும் கணவாய்

காற்று எல்லோருக்கும் பகை இல்லை. தோவாளைக்கு அது செல்வம். கணவாயின் வாயில் இருக்கும் அந்த ஊரில் காற்றும் வெயிலும் தாராளம், மழை நகரத்தைவிடக் குறைவு. இலை சீக்கிரம் உலர்ந்துவிடுவதால் பூஞ்சைத் தொல்லை குறையும். பிச்சி, அரளி, கேந்தி, வாடாமல்லி, சம்பங்கி, கொழுந்து என்று பூப்பயிர் அங்கே செழிக்கிறது. அதையொட்டிப் பெரிய பூச்சந்தையும் உருவாகியிருக்கிறது. விடியுமுன் தொடங்குகிற அந்தச் சந்தைக்குச் சுற்றுவட்டாரப் பூவோடு மதுரை, ஓசூர் போன்ற வெளியூர்களின் பூவும் வந்து இறங்கும். ஓணத்துக்கு அத்தப்பூக் கோலம் போடுகிற நாட்களில் கேரள வியாபாரிகளின் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். தோவாளை மாணிக்கமாலை கட்டும் கலைக்கும் இப்போது புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது.

மார்கழிப் பனியில் பிச்சியும் மல்லிகையும் மொட்டு விடுவது குறைந்து, விலை ஏறிவிடும். அப்போதும் கைகொடுப்பவை அரளியும் கேந்தியும். வீட்டு வாசலில் ஆண்டு முழுக்கப் பூ வேண்டும் என்பவர்கள் பிச்சிக்கொடியை மட்டும் நம்பாமல் ஓர் அரளியையும் வைக்க வேண்டும். நகரத்தின் மேற்குப் பக்கம் இருப்பவர்கள் பிச்சியை மாடியில், காற்றுப் படுகிற கைப்பிடிச் சுவர் ஓரம் ஏற்றினால் தோவாளையின் காற்றில் ஒரு பங்கு அவர்களுக்கும் கிடைக்கும்.

கிழக்கு கறுக்கும்போது

புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறந்ததும் மேகம் வருகிற பக்கம் மாறும். வங்கக் கடலிலிருந்தும் குமரிக் கடலிலிருந்தும் வருகிற இந்த மழை பெரும்பாலும் பிற்பகலிலும் இரவிலும் இடியோடு இறங்கும். சாரல் நாள்கணக்கில் கொடுப்பதை இது சில மணி நேரத்தில் கொடுத்துவிடும். இங்கே சிக்கல் வேரில். தண்ணீர் வடிந்தால் செடி பிழைக்கும், தேங்கினால் மூச்சுத் திணறிச் சாகும். ஆடி மாதத்தில் தோட்டக்காரர் இலையைப் பார்க்க வேண்டும். ஐப்பசியில் வாய்க்காலைப் பார்க்க வேண்டும்.

குமரிக் கடலில் ஒரு தாழ்வழுத்தம் உருவானால் என்ன நடக்கும் என்பதை இந்த மாவட்டம் 2017 நவம்பர் 30 அன்று அறிந்தது. ஒக்கிப் புயல் கடலில் ஏராளமான மீனவர்களைப் பறித்துக்கொண்டது. அந்தத் துயரத்தின் முன்னால் தோட்டத்து இழப்பைப் பேசவே தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் நிலத்தில் நடந்ததையும் பதிவு செய்ய வேண்டும். ரப்பர்த் தோட்டங்கள் வரிசையோடு முறிந்தன, வாழை நிலத்தோடு படுத்தது, மின்கம்பங்கள் சாய்ந்து நாள்கணக்கில் ஊர் இருளில் கிடந்தது. காய்ப்புக்கு வர ஆண்டுகள் பிடிக்கும் மரங்களை ஓர் இரவில் இழந்த குடும்பங்கள் பல. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையில், தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. இப்படிப்பட்ட நாட்கள் வரும் என்று வைத்துக்கொண்டுதான் வீட்டைச் சுற்றி மரம் வைக்க வேண்டும். முருங்கையும் பப்பாளியும் வீட்டுக் கூரையை எட்டுகிற தூரத்தில் வேண்டாம். கிளை அடர்ந்த மாவையும் பலாவையும் ஐப்பசிக்கு முன் கழித்துவிடுவது நல்லது. காற்று புகுந்து போக வழி இருந்தால் மரம் நிற்கும்.

கிழக்கு மழை ஓய்கிற மார்கழிக் கடைசிதான் நாகர்கோவிலில் காய்கறித் தோட்டத்துக்கு உண்மையான தொடக்கம். மண்ணில் ஈரம் இருக்கும், வானம் தெளிந்திருக்கும், இரவு சற்றே குளிரும். தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றுகளைக் கார்த்திகையில் நிழலில் வளர்த்து வைத்து, மார்கழியில் நட்டால் பங்குனிக்குள் பறித்து முடித்துவிடலாம். பாகல், புடலை, தடியங்காய், வெள்ளரி ஆகியவற்றுக்குத் தை பிறந்ததும் குழி எடுக்கலாம். வெண்டையும் பயறும் அதைவிடத் துணிச்சலானவை. மாசி வெயிலிலும் காய்க்கும். பொது நாட்காட்டி ஆடியில் தொடங்கச் சொல்கிற காய்கறிகளை இந்த ஊரில் ஐந்து மாதம் தள்ளித் தொடங்குவதே சரி என்பது என் உறுதியான எண்ணம்.

இங்கே மாமரத்துக்கும் தனிக் கணக்கு உண்டு. தமிழ்நாட்டின் மற்ற பகுதிகளில் கோடையில் மட்டும் காய்க்கிற நீலம் போன்ற ரகங்கள் குமரியில் பருவம் தப்பியும் பூத்துக் காய்க்கும். தோட்டக்கலை ஆராய்ச்சியாளர்கள் நெடுநாளாகக் கவனித்துவரும் விஷயம் இது. வீட்டு மாமரம் ஆடியில் பூத்தால் ஏதோ நோய் என்று பயந்து வெட்ட வேண்டாம்.

மண் சொல்வது

நாகராஜா கோயிலில் பிரசாதமாகத் தருவது மண். மூலவர் இருக்கும் இடமே ஈரம் ஊறுகிற நிலம். கருவறைக்கு ஓலைக்கூரைதான், ஆண்டுதோறும் அதைப் புதிதாக வேய்கிறார்கள். அந்த மண் ஆண்டில் ஆறு மாதம் கறுப்பாகவும் ஆறு மாதம் வெண்மையாகவும் இருக்கும் என்பது பக்தர்களின் நம்பிக்கை. ஒரு நகரம் தன் காலடி மண்ணின் ஈரத்தையும் நிறத்தையும் வழிபாட்டோடு சேர்த்து வைத்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கும்.

கோயிலைச் சுற்றி இருந்ததெல்லாம் வயல். பழைய நகரத்தின் தாழ்ந்த பகுதிகள் களிமண்; மேட்டுப் பகுதிகளும் மேற்கு நோக்கிய விளைகளும் செம்மண். காலங்காலமாக மழை கழுவிக்கொண்டு போனதால் செம்மண்ணில் சுண்ணாம்புச் சத்து குறைந்து புளிப்பு ஏறியிருக்கும். தக்காளியும் கத்தரியும் பச்சையாக இருக்கும்போதே ஒரே நாளில் வாடி விழுவது இந்த மண்ணில் அடிக்கடி நடக்கும். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா அதற்குக் காரணம். ஒரே பாத்தியில் தொடர்ந்து இந்தக் குடும்பப் பயிர்களையே வைக்காமல் மாற்றுவதும், நடுவதற்குச் சில வாரங்களுக்கு முன் நீற்றிய சுண்ணாம்பைக் கொஞ்சம் கலப்பதும், சாம்பல் இடுவதும் பழைய வழக்கங்கள். மண்ணைச் சோதித்துப் பார்த்து அளவோடு இடுவது மேல். நகரத்தை ஒட்டிய திருப்பதிசாரத்தில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, டி.பி.எஸ். என்று தொடங்கும் நெல் ரகங்கள் அந்த ஊரின் பெயரைத் தாங்கியவை. பேச்சிப்பாறையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இவ்வளவு அருகில் இவ்வளவு அறிவு இருக்கும்போது, எங்கோ உட்கார்ந்து எவரோ பேசுகிற காணொளியைப் பார்த்து உரம் வாங்க வேண்டிய அவசியம் இந்த ஊர்க்காரருக்கு இல்லை.

நாகர்கோவிலைச் சுற்றிய நாஞ்சில் நாட்டின் விவசாயி திசையறிந்து பயிர் செய்தவர். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம். மேற்கு மழைக்கு ஒன்று, கிழக்கு மழைக்கு ஒன்று. 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணை, பெருஞ்சாணி அணை ஆகியவற்றின் தண்ணீர் ஜூன் தொடக்கத்தில் திறந்து பிப்ரவரி கடைசியில் மூடப்படும் வழக்கம் இந்த இரண்டு போகத்தையும் ஒட்டியது. நீர்மட்டத்தின் உச்சம் பேச்சிப்பாறைக்கு 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி. இன்றும் காலையில் நாளிதழைப் பிரித்ததும் அணைகளின் நீர்மட்டத்தைத் தேடுகிற முதியவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு இப்போது ஒரு சென்ட் வயல்கூட இல்லை.

வயல் போன கதை எல்லோருக்கும் தெரியும். ஏலா ஏலாவாக நெல் நின்ற இடத்தில் முதலில் தென்னையும் வாழையும் வந்தன, பிறகு ரப்பர், பிறகு மனை. குளங்கள் தூர்ந்தன, சில சாலைக்குப் போயின. இதை வெறும் ஏக்கமாகச் சொல்லவில்லை; தோட்டத்தின் தட்பவெப்பமே இதனால் மாறியிருக்கிறது. ஐப்பசி மழை முன்பு வயலில் விரிந்து, குளத்தில் தங்கி, பழையாற்றில் மெல்ல இறங்கும். இப்போது சிமெண்ட் முற்றத்தில் விழுந்து, அடுத்த மனையின் மதிலில் மோதி, தாழ்வான வீட்டுக் கொல்லையில் தேங்குகிறது. அதே வீட்டுக் கிணறு மாசியில் வற்றுகிறது. இரண்டு மழை பெய்கிற ஊரில் கோடையில் தண்ணீர் லாரி ஓடுவது ஏற்கத்தக்கது அல்ல. குளத்தைத் தூர்த்து மனை பிரிக்க அனுமதி தருகிற ஒவ்வொரு கையெழுத்தும் பக்கத்துத் தெருக்களின் கிணற்றையும் சேர்த்துத்தான் தூர்க்கிறது.

மூன்று மாதத்துக்கான தொட்டி

தை, மாசி, பங்குனி. இந்த ஊரின் உண்மையான வறட்சி அவ்வளவுதான். பங்குனி பிற்பாதியிலிருந்தே கோடை இடிமழை எட்டிப்பார்க்கும். மேற்குக் கடற்காற்றும் கிழக்குக் கடற்காற்றும் நிலத்தின் நடுவில் சந்திக்கிற பிற்பகல்களில் மலையோரம் மேகம் திரண்டு, மூன்று மணிக்கு மேல் பெய்யும். கூடவே ஒரு சூறைக்காற்றும் வருவதுண்டு. சித்திரையில் வாழை விழுந்த செய்தி வராத ஆண்டு அரிது. ஆனாலும் சேனைக்கும் காச்சிலுக்கும் முளைவிட அந்த மழை போதும்.

மாடியில் தோட்டம் போடுகிறவர்கள் இந்தக் கணக்கையே கைக்கொள்ளலாம். இங்கே எளிதாகக் கிடைக்கும் தேங்காய் நார்க்கழிவு தண்ணீரை நன்றாகப் பிடித்துவைக்கும். மாசியில் அது வரம். ஐப்பசியில் அதே பை நாள்கணக்கில் ஊறிக் கிடந்து வேரை அழுகவைக்கும். ஆகவே மழைக்காலப் பைகளில் நார்க்கழிவைக் குறைத்து மணலையும் செம்மண்ணையும் கூட்ட வேண்டும். அடித்துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்று புரட்டாசியிலேயே குச்சியால் குத்திப் பார்த்துவிட வேண்டும். பைகளைத் தரையில் நேராக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வைத்தால் தளமும் கெடாது, தண்ணீரும் வடியும்.

பிறகு கூரை. தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு 2003இல் கட்டாயமானபோது எல்லா வீட்டிலும் ஒரு குழாய் இறங்கியது. இன்று பல வீடுகளில் அது எங்கே போகிறது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். ஆயிரம் சதுர அடிக் கூரை சுமார் 93 சதுர மீட்டர். 60 மில்லிமீட்டர் மழை பெய்தாலே ஐயாயிரம் லிட்டர் தொட்டி நிறைந்துவிடும். ஐப்பசியில் ஒரே இரவில் அவ்வளவு பெய்வது உண்டு. ஒற்றைப் பருவமழை ஊர்களில் தொட்டி கட்டுகிறவர் ஏழெட்டு மாத வறட்சிக்குக் கணக்குப் போட வேண்டும். நாகர்கோவிலில் மேற்கு மழை ஒரு முறை, கிழக்கு மழை ஒரு முறை, இடையில் கோடை மழை என்று தொட்டி திரும்பத் திரும்ப நிறையும்; மார்கழிக் கடைசியில் அது நிரம்பியிருந்தால் போதும். ஐயாயிரம் லிட்டரை நாளுக்கு ஐம்பது லிட்டராகச் செலவழித்தால் நூறு நாட்களுக்கு வரும். இருபத்தைந்து தொட்டிச் செடிகளுக்குத் தலா இரண்டு லிட்டர் ஊற்றலாம். தை முதல் தேதியிலிருந்து எண்ணினால் நூறாவது நாள் சித்திரை பிறந்துவிட்டிருக்கும், மலைப்பக்கம் முதல் இடி கேட்டிருக்கும்.